கட்டும் உதிரியும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னதும் பயமாகத்தான் இருந்தது. "ஆடு வளர்ப்பு, கயிறு திரிக்கிறதுன்னு பேச எத்தனையோ பேர் இருக்காங்களே, நான் என்னக்கா பேசறது?" என்று கேட்டேன். "உங்க வீட்டுத் திண்ணையில புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறியே, அதைப் பேசு" என்றார் செயலாளர் அக்கா. நான் டீச்சர் கிடையாது. பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். அதிலும் கணக்கில் 41 மார்க். அந்த 41-உம் எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். நோட்ஸில் இருந்த கணக்கை எண் மாறாமல் அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கேள்வித்தாளில் அதே எண்ணில் வந்த கணக்கு எல்லாம் சரி. எண்ணை மாற்றிக் கேட்டது எல்லாம் தப்பு.

அப்படிப்பட்ட நான் குழந்தைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேச வந்தால், அதற்குப் பின்னால் ஒரு தப்பு இருக்கும் இல்லையா? ஒன்று அல்ல, இரண்டு தப்பு. இரண்டும் நான் செய்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு நம் குழுவிலேயே நடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து நம் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாம் பட்ட பாடும் தெரியும். கீற்று முடைந்த கைக்கு வேலை இல்லை. அப்போதும் எங்கள் குழுவில் 14 பேரும் மாதம் 100 ரூபாய் சேமிப்பை விடாமல் கட்டினோம். கணக்கு எழுதுவது நான்.

ஒரு மாதக் கூட்டத்தில் சேமிப்பு 14 பேருக்கு 1,400 ரூபாய். அன்றைக்குக் கடன் திருப்பிக் கட்டியது 5 பேர். 850, 675, 1,240, 560, 480. நான் கூட்டிப் பார்த்து 3,905 என்று எழுதினேன். சேமிப்பும் சேர்ந்து 5,305. பெட்டியில் இருந்த பணத்தை எண்ணினால் 5,205. நூறு ரூபாய் குறைந்தது.

நான் மறுபடி கூட்டினேன். அதே 5,305. மூன்று தடவை கூட்டினேன். அதேதான். நூறு ரூபாய் என்பது சரியாக ஒருவருடைய சேமிப்புத் தொகை. அப்படியென்றால் யாரோ ஒருவர் கொடுக்கவில்லை. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் ஒரு பக்கம் போனது. எங்கள் குழுவிலேயே வயதில் மூத்தவர், விளக்குமாறு கட்டிப் பிழைக்கிற ஒரு பெரியம்மா. வீட்டுக்காரர் இல்லை. புயலில் கூரை போனவர். கையெழுத்துப் போடக் குழுவில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். என் கண்ணும் அங்கேதான் போனது. அதை மறைக்க விரும்பவில்லை.

பெரியம்மா கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பணத்தைக் கீழே கொட்டு. உன் நோட்டுல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு கூறு வை" என்றார். பாயில் கொட்டினோம். சேமிப்புக்கு 14 கூறு வைத்தோம். 14-உம் வந்தது. அப்புறம் 850-க்கு ஒரு கூறு, 675-க்கு ஒரு கூறு என்று சில்லறை மாற்றி மாற்றி 5 கூறு வைத்தோம். ஐந்தும் வந்தது. கையில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஒரு கூறுகூடக் குறையவும் இல்லை.

"எல்லாக் கூறும் இருக்குல்ல? அப்ப காசு சரியா இருக்கு. உன் கூட்டல்தான் தப்பு" என்றார்.

அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் இடத்தில் 5, 7, 4, 6, 8. கூட்டினால் 30. கையில் 3 வைக்க வேண்டியதை 4 என்று மேலே சின்னதாக எழுதியிருக்கிறேன். மூன்று தடவை கூட்டியபோதும் அந்த நாலை நம்பித்தான் கூட்டியிருக்கிறேன். சரியான தொகை 3,805.

பத்தாவது படித்த நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகாத பெரியம்மா பணத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் அடித்து எழுதினேன், கையெழுத்து வாங்கினேன், கூட்டம் முடிந்தது. அதிலிருந்து நான் பாடம் படித்தேனா என்றால், இல்லை. அதற்கு இரண்டாவது தப்பும் வேண்டியிருந்தது.

என் மூத்த பெண் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது. பெயர் மட்டும் பதிவில் இருந்தது, பிள்ளை வீட்டில் இருந்தது. படிப்பு போய்விடுமே என்று எனக்குப் பதைப்பு. கடையில் கூட்டல் வாய்ப்பாடு வாங்கிவந்து தினமும் காலையில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு வரைக்கும். ஆறே மாதத்தில் கடகடவென்று சொன்னாள். வீட்டுக்கு யார் வந்தாலும் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரை பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலையே மிதிக்காத என் பெண் நேரே இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சில வாரம் கழித்து, நோட்டில் சிவப்புச் சுழியோடு வந்தாள். கணக்கு 27+15. அவள் போட்ட விடை 312.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்றரை வருஷம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேனே என்று முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள், "நீ சொன்ன மாதிரிதானம்மா போட்டேன். ஏழும் அஞ்சும் பன்னெண்டு. ரெண்டும் ஒண்ணும் மூணு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டுதான். இரண்டும் ஒன்றும் மூன்றுதான். நான் மனப்பாடம் செய்ய வைத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். "பன்னெண்டை அப்படியே போடக்கூடாதுடி, ரெண்டைப் போட்டுட்டு ஒண்ணைக் கையில வைக்கணும்" என்றேன். "ஏன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வயதில் எனக்கே தெரியாது. எங்கள் டீச்சர் வைக்கச் சொன்னார், நான் வைத்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தவர் அதே பெரியம்மா. மழை என்றால் எங்கள் திண்ணைக்குத்தான் வருவார். "ஏண்டி புள்ளையைப் போட்டு அடிக்கிற?" என்றார். "இருபத்தேழும் பதினஞ்சும் சேந்தா முன்னூத்திப் பன்னெண்டுங்குது பெரியம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இங்க ரெண்டு கை ஈக்கு, அங்க ஒரு கை ஈக்கு. சேத்து வெச்சா முன்னூறு ஆயிடுமா? அப்படி ஆனா நான் எப்பவோ மாடி வீடு கட்டியிருப்பேன். வாடி தங்கம் இங்க."

சீவிய ஈர்க்கை எடுத்துப் பத்துப் பத்தாக எண்ணி நாரால் கட்டச் சொன்னார். இரண்டு கட்டு, பக்கத்தில் 7 உதிரி. இது இருபத்தேழு. இன்னொரு பக்கம் ஒரு கட்டு, 5 உதிரி. இது பதினைந்து. "இப்ப ரெண்டையும் ஒண்ணா தள்ளு" என்றார். தள்ளினாள். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி.

"உதிரி நிறைய கிடக்கே, இன்னொரு கட்டு தேறுமா பாரு."

அவள் உதிரியில் பத்தை எண்ணி எடுத்துக் கட்டினாள். இப்போது நாலு கட்டு, இரண்டு உதிரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "நாப்பத்திரெண்டு!" என்றாள்.

சகோதரிகளே, அந்த இடத்தில் கற்றுக்கொண்டது என் பெண் மட்டும் இல்லை. கையில் ஒன்று, கையில் ஒன்று என்று இத்தனை வருஷம் சொன்னேனே, அந்த ஒன்று வெறும் ஒன்று இல்லை. அது ஒரு கட்டு. உதிரி பத்துச் சேர்ந்ததும் கட்டாகி, கட்டுகள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. பத்துக் கட்டுச் சேர்ந்தால் அது பெருங்கட்டாகி நூறு இருக்கும் இடத்துக்குப் போகிறது. குழு நோட்டில் நான் மேலே எழுதியதும் அதுதான். இது தெரிந்திருந்தால் அன்றைக்குப் பெரியம்மா பக்கம் என் கண் போயிருக்குமா என்று தோன்றியது.

ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் நோட்டில் 312 மாதிரி விடைகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அடிக்கவில்லை. "ஈக்கை எடுத்து வெச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். பிறகு ஈர்க்குக்குப் பதிலாகச் சிலேட்டில் படம் போட்டோம். கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டால் ஒரு கோடு. அதற்கும் பிறகுதான் வெறும் எண். ஈர்க்கு, படம், எண் என்று மூன்று படியும் ஏறி முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. அதன் பிறகு அந்தத் தப்பு வரவில்லை. வந்தாலும் அவளே பார்த்து, "இது இவ்வளவு பெருசா வராதே" என்று அழித்துவிடுவாள். மனப்பாடம் பண்ணியவளுக்கு மறந்தால் வழி கிடையாது. தப்பாகச் சொன்னால் அது தப்பு என்றே தெரியாது. கையால் செய்து பார்த்தவளுக்கு மறந்தாலும் மறுபடி செய்து பார்க்க வழி இருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலராக எனக்கும் ஆசை. ஆனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க பிளஸ் டூ படித்திருக்க வேண்டும். நான் பத்தாவது. வருத்தமாக இருந்தது. எங்கள் தெருவில் தன்னார்வலராக வந்த தங்கச்சி, "நீங்க ஈக்குக் கட்டை எடுத்துக்கிட்டுச் சும்மா வந்து உட்காருங்கக்கா" என்று கூப்பிட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. 2022 ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தகுந்தபடி பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். என் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் குச்சியைக் கட்டாகவும் உதிரியாகவும் வைத்துக் கூட்டல் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவங்களும் வெளக்குமாறு கட்டுவாங்களா?" என்று கேட்டார்.

இப்போது என் சின்னவன் ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு முதலிலிருந்தே கையால்தான். எங்கள் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். என்ன செய்கிறோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். காசு செலவில்லை.

முதலில் எண்ணுவது. ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. என் மகன் நாலு வயதில் இருபது வரை ஒப்பித்தான். ஆறு வெங்காயத்தை எண்ணச் சொன்னால் எட்டு என்றான். வாய் ஒரு வேகத்தில் ஓடுகிறது, விரல் ஒரு வேகத்தில் ஓடுகிறது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்கச் சொல்லி எண்ண வைத்தேன். எண்ணி முடித்ததும், "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்கணும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிள்ளைக்குத் தானாகப் புரிய வேண்டும். இது பிடிபடும் வரை கூட்டலுக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, ஒன்றாகச் சேர்ப்பது. இட்லித் தட்டில் இந்தத் தட்டில் நாலு, அந்தத் தட்டில் மூன்று. ஒரே பாத்திரத்தில் எடுத்துப் போட்டால் எத்தனை? முதலில் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். எண்ணட்டும். கொஞ்ச நாளில் நாலை அப்படியே வைத்துக்கொண்டு "அஞ்சு, ஆறு, ஏழு" என்று மேலே எண்ண ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச நாளில், இரண்டும் ஏழும் என்று கேட்டால் ஏழிலிருந்து எண்ணினால் சுலபம் என்று அதுவே கண்டுபிடிக்கும். நாம் அவசரப்பட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தச் சந்தோஷம் அதற்குக் கிடைக்காது.

மூன்றாவது, ஒளித்து விளையாடுவது. ஐந்து புளியங்கொட்டையை எடுத்து எண்ணிக் காட்டிவிட்டு இரண்டு கையிலும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையைத் திறந்து காட்டி, மூடிய கையில் எத்தனை என்று கேளுங்கள். இரண்டும் மூன்றும் ஐந்து, ஒன்றும் நாலும் ஐந்து என்று ஒப்பிக்காமலே மனதில் நிற்கும். இதிலேயே கழித்தலும் வந்துவிடும். பல்லாங்குழியும் இப்படித்தான். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கிறோமே, மூன்று இருக்கும் குழியில் இன்னொன்று விழக் காத்திருக்கிற பிள்ளை கணக்குத்தான் போடுகிறது. ஒரு எச்சரிக்கை, கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் இருக்கும் வீட்டில் புளியங்கொட்டை வேண்டாம். மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். பெரிய தேங்காய்ச் சிரட்டையோ துணி கிளிப்போ வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, பத்து ஆக்குவது. தரையில் கோலமாவால் பத்துக் கட்டம், மேலே ஐந்து, கீழே ஐந்து. எட்டுக் கொட்டையை அதில் வையுங்கள். வெளியே ஐந்து கொட்டை. எட்டும் ஐந்தும் எத்தனை? இரண்டு கட்டம் காலியாக இருப்பது கண்ணுக்கே தெரியும். வெளியே இருக்கும் ஐந்திலிருந்து இரண்டை உள்ளே வைத்தால் பத்து நிறைந்தது. வெளியே மூன்று. பதிமூன்று.

இதில் நம் தமிழே நமக்கு ஒத்தாசை செய்கிறது. பதிமூன்று என்றால் என்ன? பத்தும் மூன்றும். பதினைந்து, பத்தும் ஐந்தும். இருபது, இரண்டு பத்து. முப்பது, மூன்று பத்து. பெயரிலேயே கட்டும் உதிரியும் இருக்கிறது. நாம்தான் இத்தனை நாள் காது கொடுத்துக் கேட்கவில்லை. பிள்ளையிடம் இதைப் பிரித்துச் சொல்லுங்கள், முகம் மலரும்.

ஐந்தாவதுதான் ஈர்க்குக் கட்டு. அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கழித்தலுக்கும் அதே கட்டுத்தான். பக்கத்தில் கடன் வாங்கு என்று சொல்லிக் கொடுக்கிறோம் இல்லையா? எங்கள் திண்ணைக்கு வரும் ஒரு பையன், "வாங்குன கடனை எப்பத்தை திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டான். குழுக்காரி வீட்டுத் திண்ணைக்கு வந்தவன் அல்லவா, அப்படித்தான் கேட்பான்! இது கடனே இல்லை. உதிரி போதவில்லை, அதனால் நம்முடைய கட்டு ஒன்றையே அவிழ்க்கிறோம். அவ்வளவுதான்.

விரல் விட்டு எண்ணினால் அதட்டுகிறோம். நானும் அதட்டியிருக்கிறேன். பூக்கட்டும் அக்காமார்களும் நாற்று முடி எண்ணும் அக்காமார்களும் கட்டை விரலால் விரல் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறோமே, அவர்கள் கணக்குத் தப்புகிறதா? பிள்ளைக்கு மனக்கணக்கு வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். அதுவரை விரலைத் தட்டிவிடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்கு வந்தால் மரக்காலும் படியும் நெல்லுமாகக் கையில் புழங்கினார்கள். வாயில் இருந்தது கையிலும் இருந்தது. ஏழும் எட்டும் எத்தனை என்றால் உடனே பதினைந்து என்று சொல்லத் தெரிய வேண்டும். பெரிய கணக்குப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் கொட்டையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. நான் சொல்வது வரிசையைத்தான். முதலில் கையில் வரட்டும், பிறகு கண்ணில், அப்புறம் வாயில். கையில் வந்தது பாதி தானாகவே மனப்பாடம் ஆகிவிடுகிறது. மீதிக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும்.

"இதுக்கெல்லாம் எங்கடி நேரம்?" என்று அந்தப் பக்கம் ஓர் அக்கா கேட்பது காதில் விழுகிறது. தனியாக நேரம் வேண்டாம் அக்கா. முருங்கைக்காய் நறுக்கும்போது, தட்டுக் கழுவி அடுக்கும்போது, துணி உலர்த்தும்போது கிளிப்பை எண்ணச் சொல்லும்போது நடந்துவிடும். பத்து நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் கோபம் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிள்ளைகளின் கூட்டலைப் பற்றி நம் கூட்டமைப்பு விழாவில் எதற்கு என்று நினைக்கலாம். நம்மில் எத்தனை பேர் வங்கிப் புத்தகத்தில் அச்சடித்து வந்ததை அப்படியே நம்பி வைத்துக்கொள்கிறோம்? வாராவாரம் வசூலுக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு கட்டினோம், எவ்வளவு மிச்சம் என்று கேட்கப் பயந்து சும்மா இருக்கிறோம்? எழுதி வைத்திருக்கும் எண்ணைக் கண்டு பயப்படுகிறோம். அது நம் பணம்தான், கட்டும் உதிரியுமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுவதில்லை. அந்தப் பயம் நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. நம் பெண் பிள்ளைகளுக்கு அது ஒட்டாமல் இருந்தால், நாளைக்கு இந்த நாற்காலிகளில் உட்காரப்போகிறவர்கள் யார் போட்ட கூட்டலையும் கேள்வி கேட்பார்கள். யார் மேலும் பொய்யாகப் பழி விழ விடமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த மாதக் கூட்டத்தில் நான் தொகையை அடித்துத் திருத்தினேன். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. ஒருவரைத் தப்பாகப் பார்த்தோம் என்பது எங்கேயும் எழுத்தில் இல்லை. பெரியம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகும் என் திண்ணைக்கு வந்தார், என் பெண்ணுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தார். இந்தப் பேச்சு மலரில் அச்சாகும் என்று சொன்னார்கள். அதனால் சொல்கிறேன். அவர் கொடுத்த நூறு ரூபாய் அன்றைக்கே பெட்டியில் இருந்தது. தப்பு என்னுடைய கூட்டலில். இது எழுத்தில் இருக்கட்டும். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. மாதக் கூட்டம் முடிந்ததும் நான் போட்ட கூட்டலை அவள் ஒருமுறை பார்த்துத் தருகிறாள். போன மாதம் ஒரு இடத்தில் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள். அடி விழுமோ என்று எனக்குத்தான் பயமாக இருந்தது!